கடை இடம் மாறும்போது கடன் கொப்பியும் கூடவே வரவேண்டும்

கணனிகளின் 'சிப்' மாறுகிறது: வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டியவை

தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரின் கடையில் நடந்த விடயம் இது. பன்னிரண்டு வருடங்களாக அவரது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே கணனிதான் இருந்தது. பில் அடிப்பது, ஸ்டொக் பார்ப்பது, கடன் வாங்கியவர்களின் கணக்கை வைத்திருப்பது எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டதை அறிந்த மகன், வெளிநாட்டிலிருந்து வரும்போது வாப்பாவுக்குப் புதிய மடிக்கணனி ஒன்றை வாங்கி வந்தார். பாரமில்லாத மெஷின். காலையில் சார்ஜ் செய்தால் அஸர் தாண்டியும் பெற்றரி நிற்கிறது. மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை.

பழைய பில் மென்பொருளை அதில் ஏற்றினார்கள். திறந்தது. பொருட்களின் பட்டியல் வந்தது, விலைகள் வந்தன, கடன்காரர்களின் பெயர்களும் வந்தன. முதல் வாடிக்கையாளருக்குப் பில் அடிக்கப் பட்டனை அழுத்தியபோது பிரிண்டர் அசையவில்லை. வயரை மாற்றினார்கள், பிரிண்டரைக் கழற்றி மாட்டினார்கள். பலனில்லை. பிறகு வந்து பார்த்த திருத்துனர் தம்பி சொன்னது இதுதான்: "மெஷினும் நல்லம், பிரிண்டரும் நல்லம் ஹாஜியார். ரெண்டும் பேசுற பாஷைதான் வேற."

அடுத்த இரண்டு வாரங்கள் கடையில் கையால் எழுதிய பில்தான். அந்தப் பில்கள் உடனுக்குடன் கணனியில் பதியப்படவில்லை. ரமழானை முன்னிட்டு ஸகாத்துக்காக ஸ்டொக் கணக்கெடுக்கும் நேரம் பார்த்து, கணனியில் உள்ள சீமெந்து மூட்டைகளின் எண்ணிக்கையும் களஞ்சியத்தில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தாமல் போயின.

இதில் யார் மீதும் பிழை சொல்ல முடியாது. மகன் வாங்கியது நல்ல மெஷின். விற்றவர் ஏமாற்றவில்லை. ஆனால் உலகத்தின் பெரிய சிப் கொம்பனிகளுக்கிடையில் நாற்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு விவகாரத்தின் ஒரு நுனி, தெல்தெனியவில் உள்ள ஒரு பில் பிரிண்டரில் வந்து முட்டியிருக்கிறது. பலரும் பழைய கணனியை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அந்த விவகாரம் என்ன என்பதை நமது வியாபாரிகள் விளங்கிக்கொள்வது நல்லது.

சிப்புக்கும் ஒரு பாஷை உண்டு

கணனியின் மூளை என்று சொல்லப்படும் புரொசஸர் சிப்புக்கு, நாம் எழுதும் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. இன்ன எண் வந்தால் கூட்டு, இன்ன எண் வந்தால் கழி, இன்ன எண் வந்தால் அந்த இடத்தில் இருப்பதை எடுத்து இந்த இடத்தில் வை என்று அந்தச் சிப்பை வடிவமைத்தவர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். இந்தக் கட்டளைப் பட்டியல்தான் சிப்பின் பாஷை. 'ஆக்கிடெக்சர்' என்று தொழில்நுட்பவியலாளர்கள் சொல்வது பிரதானமாக இதைத்தான்.

தமிழ்ப் பத்திரிகைகளோடும் அச்சகங்களோடும் பழகியவர்களுக்கு இதை விளங்கவைக்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. முன்னர் நாம் கல்யாணக் கார்ட்டுக்கும் நோட்டீசுக்கும் 'பாமினி' எழுத்துருவில்தான் தமிழ் தட்டச்சு செய்தோம். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத இன்னொரு கணனியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. அதில் உள்ள எண்களும் மாறவில்லை. அவற்றை வாசிக்கும் பட்டியல்தான் மாறியது. ஒரு வகைச் சிப்புக்காக எழுதப்பட்ட மென்பொருளை வேறு வகைச் சிப்பில் போட்டால் நடப்பதும் இதுவே.

இன்று நாம் புழங்கும் மெஷின்களில் இரண்டு பாஷைகள் கோலோச்சுகின்றன. ஒன்று இன்டெல் கொம்பனியின் 'எக்ஸ் 86'. இன்டெல், ஏஎம்டி என்ற பெயர்களோடு வரும் கணனிகள் எல்லாம் இதைச் சேர்ந்தவை. மற்றது 'ஆர்ம்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஸ்மார்ட் போன் அநேகமாக ஆர்ம் பாஷையில்தான் வேலை செய்கிறது. நீண்ட காலமாக மேசைக் கணனி ஒரு பாஷை, கைத்தொலைபேசி ஒரு பாஷை என்று பிரிந்திருந்தபடியால் நமக்குப் பிரச்சினை வரவில்லை. இப்போது ஆர்ம் சிப் மடிக்கணனிக்குள்ளும் வந்துவிட்டது. ஹாஜியாரின் மகன் கொண்டுவந்தது அப்படியான ஒன்று.

இடம்பெயர்ந்த நகரம் அறிந்த உண்மை

ஒரு கொம்பனி தன் சிப்பின் பாஷையை மாற்றுவது, ஒரு நகரமே இடம்பெயர்வது போன்ற வேலை. இதைத் தெல்தெனியவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. 1985 ஏப்ரலில் அன்றைய பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் வந்து திறந்துவைத்த விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகர் நீருக்கடியில் போனது. 122 மீற்றர் உயர அணை, 210 மெகாவோட் மின்சாரம் என்று நாட்டுக்குக் கிடைத்தது பெரிது. ஆனால் பழைய நகரில் கடை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு வாழ்க்கையையே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் வேலை. நீர் வெகுவாக வற்றும் காலங்களில் பழைய நகரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன.

சுவரும் கூரையும் புதிதாகக் கட்டிவிடலாம். இராக்கை புதிதாக அடிக்கலாம். ஆனால் ஒரு கடை என்பது அது மட்டுமா? யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கிராமத்து ஆள் எந்த நாளில் வருவார், யாரிடம் சாமான் எடுப்பது என்ற தொடர்புகள்தான் கடை. அவை புதிய இடத்துக்கு வந்து சேராவிட்டால் புதிய கட்டிடத்தால் பயனில்லை. சிப் கொம்பனிகளுக்கும் இதே கதைதான். புதிய சிப் எவ்வளவு வேகமானாலும், பழைய சிப்புக்காக மக்கள் எழுதி வைத்துள்ள மென்பொருட்கள் அதில் ஓடாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார். இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது இன்டெல்.

இன்டெலின் 'இட்டேனியம்' பாடம்

இன்டெல் தன் 8086 சிப்பை 1978இல் வெளியிட்டது. 1981இல் ஐபிஎம் கொம்பனி தன் 'பேர்சனல் கம்பியூட்டரை' வெளியிட்டபோது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 8088 சிப்பைத் தெரிவு செய்தது. ஒரே கொம்பனியை மட்டும் நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. ஆகவே அதே சிப்பைத் தயாரிக்க இன்னொரு கொம்பனிக்கும் இடம்கொடுக்க வேண்டியிருந்தது. 1982இல் ஏஎம்டியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாமான் வாங்க இரண்டு மொத்த வியாபாரிகளை வைத்திருக்கும் கெட்டிக்கார வியாபாரியின் வேலையை ஐபிஎம் செய்தது.

காலப்போக்கில் ஏஎம்டி இன்டெலுக்கே போட்டியானது. இதற்கிடையில் எக்ஸ் 86 பாஷையின் 32 பிட் அமைப்பு போதாது என்ற நிலையும் நெருங்கியது. களஞ்சியத்தில் இராக்கைகளுக்கு இலக்கம் போடுவது போல, சிப்பும் தன் நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் இலக்கம் வைத்திருக்கிறது. 32 பிட் இலக்கத்தால் சாதாரணமாக 4 ஜிகாபைட் வரையே எண்ண முடியும். அதற்கு மேல் இராக்கை இருந்தாலும் இலக்கம் இல்லை. 64 பிட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அப்போது இன்டெல் எடுத்த தீர்மானம், பழைய பாஷையைத் தொடராமல் முற்றிலும் புதிய பாஷைக்குப் போவது. எச்பி கொம்பனியுடன் 1994இல் கூட்டுச் சேர்ந்து, 2001இல் 'இட்டேனியம்' என்ற சிப்பை வெளியிட்டது. புதிய பாஷை ஏஎம்டியின் கைக்கு எட்டாது என்பது இதில் இருந்த வியாபார இலாபம். ஆனால் மக்களிடம் ஏற்கனவே இருந்த எக்ஸ் 86 மென்பொருட்கள் இட்டேனியத்தில் மிக மெதுவாகவே ஓடின. புதிய சிப்புக்கென்று எழுதப்பட்ட மென்பொருட்களோ குறைவு. பெரிய விலை கொடுத்து வாங்கிய மெஷினில் பழைய வேலை தாமதமாக நடந்தால் யார் வாங்குவார்?

ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய எக்ஸ் 86 பாஷையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் 64 பிட் கட்டளைகளைச் சேர்த்தது. 2003இல் வந்த அதன் 'ஒப்டெரோன்' சிப்பில் பழைய மென்பொருளும் வேகமாக ஓடியது, புதியதும் ஓடியது. பழைய கடையை உடைக்காமல் மேல்மாடி கட்டுவது போன்ற வேலை இது. மக்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். 2004இல் இன்டெலும் தன் சிப்களில் அதே முறையை ஏற்றுக்கொண்டது. இட்டேனியம் சிறு வட்டத்துக்குள் முடங்கி, 2021இல் அதன் கடைசி விநியோகத்தோடு நின்றுபோனது.

உலகின் முதல்நிலைச் சிப் கொம்பனி, கையில் பணமும் பொறியியலாளர்களும் நிறைய வைத்துக்கொண்டு தோற்றது ஏன்? பழைய வாடிக்கையாளன் தன் மூட்டை முடிச்சோடு வருவதற்கு ஒரு நல்ல பாதை போடாமல் புதிய கடையைத் திறந்ததுதான் முக்கிய காரணம்.

அப்பிள் போட்ட பாலம்

இதே வேலையை மூன்று தடவை செய்து வெற்றி கண்டது அப்பிள். அதன் மெக்கின்டொஷ் கணனிகள் 1984இல் மோட்டரோலா 68000 சிப்போடு வந்தன. 1994இல் பவர்பிசி சிப்புக்கு மாறின. 2006இல் இன்டெலுக்கு மாறின. 2020 நவம்பரில் அப்பிள் தானே வடிவமைத்த, ஆர்ம் பாஷை பேசும் 'எம் 1' சிப்புக்கு மாறத் தொடங்கி, 2023 ஜூனில் அந்த மாற்றத்தைப் பூர்த்தி செய்தது.

ஒவ்வொரு தடவையும் அது ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூடவே அனுப்பியது. சிங்களத்தில் நடக்கும் வழக்கைத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு நீதிமன்றத்தில் ஒருவர் மாற்றிச் சொல்வது போல, பழைய சிப்புக்கு எழுதப்பட்ட மென்பொருளைப் புதிய சிப்புக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு மென்பொருள் அது. 2006இல் வந்ததன் பெயர் 'ரொசெட்டா'. 2020இல் வந்தது 'ரொசெட்டா 2'. வாடிக்கையாளர் பழைய மென்பொருளோடு வந்து, வேலையை நிறுத்தாமல், மெதுவாகப் புதியதற்குப் பழகிக்கொள்ள இது வழி செய்தது.

ஆனால் இதில் நமது வியாபாரிகள் அடிக்கோடிட வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. பாலம் நிரந்தரமானதல்ல. 2006இல் வந்த முதலாவது ரொசெட்டாவை அப்பிள் 2011இல் நீக்கிவிட்டது. ரொசெட்டா 2ஐயும் சில வருடங்களில் பெரும்பாலும் விலக்கிக்கொள்ளப் போவதாக 2025இல் அறிவித்துவிட்டது. பாலம் இருக்கும்போதே அக்கரைக்குச் சாமானை எடுத்துவிட வேண்டும். "இப்போது ஓடுகிறதுதானே" என்று இருந்தவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள்.

ஏன் மாறுகிறார்கள்?

இவ்வளவு சிரமம் இருந்தும் கொம்பனிகள் ஏன் மாறுகின்றன? இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மின்சாரம். கைத்தொலைபேசிக்குள் சிறிய பெற்றரியோடு காலம் தள்ளிப் பழகிய ஆர்ம் சிப்கள், குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்யும் வகையில் வளர்ந்தவை. சூடும் குறைவு, பெற்றரியும் நீடிக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாவது, வாடகை. இன்டெலின் பாஷையில் சிப் செய்ய வெளியாருக்கு அனேகமாக வழியில்லை. ஆர்ம் கொம்பனி தன் பாஷையையும் வடிவமைப்பையும் உரிமக் கட்டணத்துக்கு வாடகைக்கு விடுகிறது. குவால்கொம் போன்றவை அந்த வாடகைக் கடையில் இருந்துதான் பெரிய வியாபாரம் செய்கின்றன. ஆனால் வாடகைக் கடையின் தலைவலிகளும் உண்டு. கடைக்காரரும் கட்டிட உரிமையாளரும் கோர்ட்டு ஏறுவது போல, 2022இல் ஆர்ம் குவால்கொம்முக்கு எதிராக வழக்குப் போட்டது. உரிம ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் 2024 டிசம்பரில் ஜூரிகளின் தீர்ப்பு பெரும்பாலும் குவால்கொம் பக்கமே வந்தது.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவது ஒரு வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய 'ரிஸ்க் ஃபைவ்' என்ற பாஷை அது. அதைப் பயன்படுத்த யாருக்கும் உரிமக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பொதுச் சந்தை மைதானம் போல, யாரும் வந்து கடை போடலாம். ஆனால் கடையைக் கட்டும் செலவும் சாமான் போடும் செலவும் அவரவருடையது.

'மிப்ஸ்' என்ற அமெரிக்கச் சிப் கொம்பனியின் கதை இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. 1984இல் தொடங்கப்பட்டு, தனக்கென்று சொந்தப் பாஷை வைத்திருந்த கொம்பனி. சொனியின் முதலாவது பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியிலும், வீடுகளில் இன்டர்நெட் கொடுக்கும் எத்தனையோ ரவுட்டர்களிலும் இருந்தது அதன் பாஷைதான். ஆனால் வாடிக்கையாளர்கள் சிறிது சிறிதாக ஆர்ம் பக்கம் போனார்கள். கொம்பனி கைமாறிக் கைமாறி, 2020இல் அதன் அன்றைய தாய்க் கொம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. 2021இல் மிப்ஸ் தன் சொந்தப் பாஷையை விட்டு ரிஸ்க் ஃபைவுக்கு மாறுவதாக அறிவித்தது. சொந்தக் கட்டிடத்தை விட்டுப் பொதுச் சந்தைக்கு வந்தது என்று சொல்லலாம். வாடிக்கையாளர் போன பிறகு எடுத்த தீர்மானம் அது. பத்து வருடம் முன்னால் எடுத்திருந்தால் நிலை வேறாக இருந்திருக்கக்கூடும்.

நமக்குப் பக்கத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு இதே ரிஸ்க் ஃபைவ் பாஷையில் 'சக்தி' என்ற புரொசஸர்களை வடிவமைத்தது. 2018இல் அதன் ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெலின் ஆலையிலும் இன்னொன்று இந்தியாவின் சண்டிகாரிலும் தயாரிக்கப்பட்டன. 2025இல் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவோடு சேர்ந்து 'ஐரிஸ்' என்ற சிப்பையும் வெளிக்கொணர்ந்தார்கள். கட்டணமில்லாத பாஷை ஒன்று இருப்பதால்தான், ஒரு பல்கலைக்கழகக் குழு இந்த வேலையில் இறங்க முடிந்தது. எனினும் நமது கடைக் கணனியில் ரிஸ்க் ஃபைவ் வந்து சேர இன்னும் காலம் எடுக்கும். மென்பொருட்கள் பெருகாமல் எந்தப் பாஷையும் மேசைக்கு வராது.

பிரிண்டர் ஏன் அசையவில்லை?

இனி ஹாஜியாரின் கடைக்கு வருவோம். ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸிலும் மைக்ரோசொப்ட் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கிறது. 2024இல் வந்த ஆர்ம் மடிக்கணனிகளோடு அது முன்னரை விட நன்றாக மேம்படுத்தப்பட்டது. அதனால்தான் பழைய பில் மென்பொருள் திறந்தது, கணக்குகளும் தெரிந்தன.

ஆனால் பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்குவதற்கு 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் வேண்டும். அது சாதாரண மென்பொருள் போல வெளியே நிற்காது, விண்டோஸோடு சேர்ந்து உள்ளே வேலை செய்யும். வெளியே வாடிக்கையாளரோடு பேச மொழிபெயர்ப்பாளர் போதும். இரும்புப் பெட்டியின் சாவியை வைத்துக்கொண்டு உள்ளே நிற்பவர், கடையின் பாஷையையே பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் போகமாட்டார். எனவே பிரிண்டரைத் தயாரித்த கொம்பனியே ஆர்ம் சிப்புக்கென்று டிரைவர் எழுதித் தந்திருக்க வேண்டும். அண்மைக்கால அலுவலகப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு விண்டோஸில் உள்ள பொது டிரைவரே போதும். ஆனால் பத்து வருடப் பழைய பில் பிரிண்டருக்கும் ஸ்டிக்கர் அடிக்கும் பார்கோட் பிரிண்டருக்கும் அப்படி ஒன்று இல்லாமல் போக நிறையவே இடமுண்டு. மென்பொருளின் உரிமத்தைக் காட்டுவதற்குச் சிலர் யூஎஸ்பி துளையில் செருகி வைத்திருக்கும் 'டொங்கிள்' சாவிக்கும் இதே நிலைதான்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. மெஷின் எந்தப் பாஷை என்று கேளுங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி என்றால் எக்ஸ் 86. ஸ்னாப்டிராகன் என்றால் ஆர்ம். அப்பிளின் 'எம்' வரிசையும் ஆர்ம்தான். கையில் உள்ள விண்டோஸ் மெஷினில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பார்த்தால் அதிலேயே எழுதியிருக்கும்.

2. கடையில் கணனியோடு பொருத்தியிருக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பில் பிரிண்டர், பார்கோட் பிரிண்டர், ஸ்கேனர், கல்லாப் பெட்டி, தராசு, டொங்கிள். ஒவ்வொன்றுக்கும் புதிய மெஷினுக்கான டிரைவர் உண்டா என்று அதன் மொடல் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

3. மென்பொருள் செய்து தந்தவரிடம் கேளுங்கள். "ஓடும்" என்ற வாய்வார்த்தை போதாது. பில் அடித்து, ஸ்டொக் கழிந்து, ரிப்போட் வரும்வரை செய்து காட்டச் சொல்லுங்கள்.

4. பழைய கணனியை உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு மாதமாவது இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய விண்டோஸ் உள்ள மெஷின் என்றால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. கணக்கை மென்பொருளுக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். கடன் பட்டியலையும் ஸ்டொக் பட்டியலையும் மாதம் ஒருமுறை எக்செல் போன்ற பொதுக் கோப்பாக எடுத்து, கடைக்கு வெளியே இன்னொரு இடத்தில் வையுங்கள். அந்தக் கோப்பை எந்தச் சிப்பிலும் திறக்கலாம். மென்பொருள் உங்களுடைய கணக்கை வெளியே தரமாட்டேன் என்றால், அது உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருள்.

6. ஸகாத் கணக்கு, வருட முடிவு, பெருநாள் வியாபாரம் போன்ற நேரங்களில் மாற்றம் செய்யாதீர்கள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்.

ஆர்ம் மெஷின் வாங்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கடிதம் எழுத, இன்டர்நெட் பார்க்க, பிள்ளைகளின் படிப்புக்கு, பிரவுசருக்குள் இயங்கும் கணக்கு மென்பொருளுக்கு அது மிக நல்ல மெஷின். கல்லாவில் பழைய கருவிகளோடு வேலை செய்பவர்தான் நின்று நிதானித்து வாங்க வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நமது சகோதரர்கள் பலர் கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் கணனி, கைத்தொலைபேசி விற்பனையில் இருக்கிறார்கள். பொருளில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம். சிப் வேறு பாஷை என்பது பொருளின் குறையாகாது. ஆனால் வாங்குபவரின் தேவைக்கு அது பொருந்தாது என்று தெரிந்தால், அதைச் சொல்வதும் அந்த ஒழுக்கத்தில் அடங்கும். "என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள்? பில் பிரிண்டர் பொருத்துவீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அன்றைய விற்பனை ஒன்று தவறினாலும் வாடிக்கையாளர் தவறமாட்டார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் ஏவுகிறது. அன்று தோலில் எழுதினார்கள், பிறகு கொப்பியில் எழுதினோம், இன்று கணனியில் எழுதுகிறோம். எதில் எழுதினாலும் அந்தக் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம். இன்னாருக்கு நாம் கொடுக்க வேண்டியதும் அதில்தான் இருக்கிறது, ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஸகாத்தின் அளவும் அதில்தான் இருக்கிறது. மெஷினை மாற்றும்போது அந்த அமானிதம் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஹாஜியார் கடைசியில் கல்லாவுக்கு எக்ஸ் 86 சிப் உள்ள சாதாரண மெஷின் ஒன்றை வாங்கினார். பழைய பிரிண்டர் அதில் வேலை செய்தது. கையால் எழுதிய இரண்டு வாரப் பில்களையும் இஷாவுக்குப் பிறகு மகனோடு உட்கார்ந்து மூன்று இரவுகளில் பதிந்து முடித்தார். ஸ்டொக் கணக்கு நேரானது, அல்ஹம்துலில்லாஹ். புதிய மடிக்கணனி இப்போது வீட்டில் மகளின் படிப்புக்கு உதவுகிறது. கல்லாவின் லாச்சிக்குள் மட்டும் புதிதாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. கடையில் உள்ள ஒவ்வொரு கருவியின் பெயரும் மொடல் இலக்கமும் அதில் எழுதியிருக்கின்றன. அடுத்த தடவை மெஷின் மாற்றப் போகும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கையில் எடுப்பாராம்.